21, 0.7: இந்த எண்கள் யாருடைய கண்ணிலிருந்து வந்தவை?

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் கண் முகாம் நடத்துகிறவர்களின் கையில் எப்போதும் இரண்டு எண்கள் இருக்கும். கண் அழுத்தம் 21 (மி.மீ. இரசம்), கப் 0.7. பார்வை நரம்பின் தலையாகக் கண்ணுக்குள் தெரியும் வட்டம் டிஸ்க், அதன் நடுக் குழி கப்; டிஸ்க்கின் உயரத்தில் குழி எத்தனை பங்கு என்பதுதான் இந்த 0.7. குளுக்கோமா என்பது அந்த நரம்பு மெல்லப் பழுதாகும் நோய். இந்த எண்களைத் தாண்டினால் ‘குளுக்கோமா சந்தேகம்’ என்று துண்டு எழுதிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். தாண்டாவிட்டால் கண்ணாடி இலக்கத்தோடு வீட்டுக்கு அனுப்புகிறோம். முகாமுக்கு இது போதும். தவறினால் அடுத்த கிளினிக்கில் ஒரு டொக்டர் திருத்திவிடுவார். ஆனால் ஒரு மாவட்டத்தில் எத்தனை பேருக்குக் குளுக்கோமா இருக்கிறது என்று எண்ணப் போகும்போது இதே இரண்டு எண்களை எடுத்துக்கொண்டு போவது பெரிய தவறு. கணக்கெடுப்பில் அடுத்த கிளினிக் கிடையாது. கோடு கொஞ்சம் நகர்ந்தால் நோயாளர் தொகை பாதியாகும், அல்லது இரட்டிக்கும். அந்தத் தொகையை வைத்துத்தான் எத்தனை பேருக்குச் சொட்டு மருந்து வேண்டும், எத்தனை டொக்டர்மார் வேண்டும் என்று திட்டம் போடுவார்கள்.

21 எங்கிருந்து வந்தது? 1950களில் ஜெர்மனியில் லெய்டெக்கர் குழுவினர் பத்தாயிரம் பேரளவில் அளந்தார்கள். அது ஷியோட்ஸ் கருவி, கண்ணின் மேல் எடை வைத்து அமுக்கிப் பார்ப்பது. சராசரி 15.5, நியம விலகல் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பது) 2.6 அளவில் வந்தது. சராசரியோடு இரண்டு விலகலைக் கூட்டினால் 21 ஆகிவிடும். இந்தக் கணக்குச் சரியாக இருக்க வேண்டுமானால் அழுத்தங்களின் பரவல் இரு பக்கமும் ஒரே மாதிரி இறங்க வேண்டும். ஆனால் கண் அழுத்தத்தின் பரவல் வலப்பக்கம் வால் நீண்டது. 22, 23 இருந்தும் ஆயுள் முழுக்க நரம்பு பழுதாகாதவர்கள் உண்டு. 15, 16 மட்டும் இருந்து பார்வைப் புலம் (நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பு) கரைந்து போனவர்களும் உண்டு. அதனால்தான் இப்போதைய வரையறையில் அழுத்தத்துக்கு இடம் குறைவு. நோயைத் தீர்மானிப்பது பார்வை நரம்பின் தலையும் பார்வைப் புலமும்.

கணக்கெடுப்புகள் இன்று பின்பற்றும் வரையறையை 2002இல் ஃபொஸ்டரும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். அதில் மூன்று படிகள். முதல் படியில் கப்-டிஸ்க் விகிதமோ, இரு கண்களின் விகிதங்களுக்கு இடையிலான வித்தியாசமோ, அந்த மக்களின் 97.5ஆவது சதமானத்தை (நூற்றுக்கு 97.5 பேர் அதற்குக் கீழே நிற்கும் அளவு) தொட வேண்டும் அல்லது தாண்ட வேண்டும். கூடவே அதற்கேற்ற புலக் குறையும் இருக்க வேண்டும். இரண்டாம் படி, பார்வைப் புலத்தை அளக்கும் ஃபீல்ட் டெஸ்ட்டைச் செய்ய முடியாதவர்களுக்கு. புலத்தின் சாட்சி இல்லாததால் கோட்டை 99.5க்கு உயர்த்துகிறார்கள். மூன்றாம் படி, கண்புரை மூடி டிஸ்க்கே தெரியாதவர்களுக்கு. பார்வை 3/60க்குக் கீழே (அறுபது மீற்றரில் தெரிய வேண்டியது மூன்று மீற்றரில்கூடத் தெரியாமல்) இருந்து, அழுத்தம் 99.5ஆவது சதமானத்தைத் தாண்டியிருக்க வேண்டும், அல்லது குளுக்கோமா ஒப்பரேஷன் செய்த தடயமோ பழைய கிளினிக் கொப்பியோ இருக்க வேண்டும்.

இந்தச் சதமானப் படிகளில் கப்புக்கோ அழுத்தத்துக்கோ நேரடியான எண் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘அந்த மக்களின்’ சதமானம் என்று மட்டுமே சொல்கிறது. எண்ணை அந்தந்த மக்களிடமிருந்து எடுக்க வேண்டியது கணக்கெடுப்பு நடத்துகிறவரின் வேலை. பல ஆசிய நாடுகளில் 97.5 என்பது 0.7ஐ ஒட்டியே வந்தது. அதனால் 0.7 ஒரு மந்திரம் போல ஆகிவிட்டது.

சரி, ‘சாதாரணம்’ என்று யாரை எடுப்பது? தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான். ஆயிரம் பேரை அளந்து, எல்லோரையும் வரிசையில் வைத்து, 975ஆவது ஆளின் கப் அளவை எடுத்தால் போதும் என்று தோன்றும். போதாது. தமிழ்நாட்டில் அரவிந்த் கண் மருத்துவமனை 40 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் குளுக்கோமா 2.6 வீதம். நமக்கும் அப்படியே என்று வைத்துக்கொண்டால் ஆயிரத்தில் 26 பேர். 97.5க்கு மேலே நிற்பவர்கள் 25 பேர். நோயின் அளவும் வாலின் அளவும் ஒன்றாக இருக்கிறது. 0.8, 0.85, 0.9 என்று கப் உள்ள நோயாளர்களே வாலில் அதிகம் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை விலக்காமல் கோடு போட்டால் கோடு மேலே தள்ளப்பட்டு 0.8இல் போய் நிற்கும். அப்புறம் 0.75 கப்பும் உண்மையான புலக் குறையும் உள்ள ஒருவர் கணக்கில் வராமலே போவார்.

அதற்காக, பெரிய கப் உள்ளவர்களைப் பார்த்தவுடனே விலக்கினாலும் பிழைதான். பெரிய டிஸ்க் உள்ள நல்ல கண்களும் அவர்களோடு சேர்ந்து போய்விடும். கோடு கீழே இறங்கும், இல்லாத நோய் பெருகும். எந்த அளவுக்குக் கோடு போடுகிறோமோ, அந்த அளவை வைத்தே ஆட்களை விலக்கக் கூடாது. விலக்குவதற்கு வேறொரு சாட்சி வேண்டும், அது பார்வைப் புலம். இரு கண்ணிலும் ஃபீல்ட் டெஸ்ட் சுத்தமாக வந்தவர்களை மட்டும் ஒரு குழுவாகச் சேர்த்து, அவர்களுடைய அழுத்தம், கப் எதுவாக இருந்தாலும் கை வைக்காமல், அந்தக் குழுவிலிருந்து 97.5ஐயும் 99.5ஐயும் எடுக்க வேண்டும்.

குழு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? 200 பேர் என்றால், உண்மையான 99.5ஆவது சதமானத்தைத் தாண்டிய ஒருவர்கூட அதில் அகப்படாமல் போகும் வாய்ப்பு 37 வீதம். அந்த 200இலிருந்து எடுக்கும் 99.5 என்ற எண் ஒரே ஒரு ஆளின் கண். ஆயிரம் பேர் இருந்தாலும் 97.5 கோட்டின் இடம் கிட்டத்தட்ட 965ஆவது ஆளிலிருந்து 985ஆவது ஆள் வரை ஆடும். அந்த வீச்சையும் சேர்த்து எழுதுவதுதான் நேர்மை. இன்னொன்று, ஒருவரின் இரு கண்களும் ஒன்றையொன்று ஒத்தவை. ஐநூறு பேரின் ஆயிரம் கண்களை ஆயிரம் பேராக எண்ணக் கூடாது. ஆளுக்கு ஒரு கண், வலதா இடதா என்று முன்பே முடிவு செய்து எடுங்கள். வித்தியாசத்தின் சதமானத்துக்கு மட்டும் இரு கண்ணும் வேண்டும்.

இப்போது மலைநாட்டுக்கு வருவோம். கண்டி மாவட்டக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 1,375 பேரைப் பரிசோதித்த கண்டி கண் ஆய்வு நமக்கு மிகப் பெரிய சொத்து. ஆனால் கிராமம் வேறு, லயம் (தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகள்) வேறு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் தோட்டத்துறையில் வாழ்பவர்கள் 4.4 வீதம். நாடு முழுவதற்கும் 2,000 பேரைக் குலுக்கி எடுத்தால் தோட்டத்திலிருந்து வருபவர்கள் 90 பேர்கூட இல்லை. 90 பேரில் 97.5க்கு மேலே இருப்பது இரண்டு பேர். இரண்டு பேரை வைத்து யாராவது கோடு போடுவார்களா? ஆகவே தோட்டத்துறையைத் தனி அடுக்காக வைத்து, அதன் பங்குக்கு மேல் ஆட்களை எடுத்து, கடைசியில் நிறை போட்டுச் சரிசெய்வதைத் தவிர வழி இல்லை.

‘நம் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்தானே, சென்னையின் எண்களை எடுத்தால் என்ன?’ என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. நியாயமான கேள்விதான், டிஸ்க் அளவில் ஒற்றுமை இருக்கக்கூடும். ஆனால் சென்னைக் குளுக்கோமா ஆய்வையே பாருங்கள். ஒரே குழு, ஒரே முறை. திறந்த கோணக் குளுக்கோமா (கண்ணுக்குள் திரவம் வடியும் கோணம் திறந்திருந்தும் வரும் வகை) கிராமத்தில் 1.62 வீதம், நகரத்தில் 3.51 வீதம். வேலூரில் 30 முதல் 60 வயது வரை உள்ளவர்களைப் பார்த்தபோது அடைகோணக் குளுக்கோமா (அந்தக் கோணம் அடைபடும் வகை) 4.32 வீதம் என்று வந்தது. அரவிந்த் கணக்கெடுப்பில் அதுவே 0.5 வீதம். வேலூர் ஆய்வு 2002 வரையறைக்கு முந்தியது. வயதும் வரையறையும் மாறினால் எண் எவ்வளவு மாறுகிறது பாருங்கள். விழிவெண்படலத்தின் (கண்ணின் முன்னால் உள்ள தெளிவான படலம்) தடிப்பு இன்னொரு காரணம். ஐரோப்பியரிடம் சராசரி 540 மைக்ரோன், தென்னிந்தியக் கணக்கெடுப்புகளில் 510, 520 அளவில்தான். மெல்லிய படலத்தில், கண் அழுத்தம் அளக்கும் டோனோமீட்டர் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும்.

(உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் நுவரெலியாவில் கண் அழுத்தம் வேறாகக் காட்டாதா என்று கேட்பவர்களுக்கு: டோனோமீட்டர் காட்டுவது வெளிக் காற்றை விடக் கண்ணுக்குள் எவ்வளவு கூட என்பதைத்தான். அந்தக் கவலை வேண்டாம். குளிர்தான் தொல்லை. காலைப் பனியில் வேனிலிருந்து இறக்கிய லென்ஸ் உடனே வேர்க்கும், அரை மணி நேரம் அறைக்குள் வைத்துவிட்டு எடுங்கள்.)

அளவிடும் வரிசை முக்கியம். பார்வை, கண்ணாடி இலக்கம், பிறகு ஃபீல்ட் டெஸ்ட். அதற்கு முன் கண்ணில் எந்தச் சொட்டும் விழக் கூடாது, பளிச்சென்ற வெளிச்சமும் அடிக்கக் கூடாது. அடுத்து ஸ்லிட் லாம்ப்பில் ஓரத்து ஆழம், பிறகு அழுத்தம், படலத் தடிப்பு, கோணம் பார்க்கும் கோனியோஸ்கோப்பி. கடைசியில் கண்மணியை விரித்து டிஸ்க். கோனியோ லென்ஸ் கண்ணை அமுக்கி அழுத்தத்தைக் குறைத்துவிடும், அதனால் அது டோனோமீட்டருக்குப் பின்னால்தான்.

கோல்ட்மன் டோனோமீட்டரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பிரிஸம் 3.06 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று பார்க்கிறது. ஒரு கிராம் என்றால் 10 மி.மீ. இரசம். தினமும் காலையில் கூடவே வரும் தண்டை மாட்டி 0, 20, 60 மூன்றிலும் சரிபார்க்க வேண்டும். மலைப் பாதையில் வேன் குலுங்கின குலுக்கலுக்கு இது கட்டாயம். விறைக்கும் சொட்டு, பிறகு ஃப்ளோரசீன் தாள், நீல வெளிச்சம். பச்சையாக இரண்டு அரைவட்டம் தெரியும், அவற்றின் உள் ஓரங்கள் ஒன்றையொன்று தொட வேண்டும். சாயம் அதிகமானால் வளையம் தடித்து அளவு கூடக் காட்டும். சாயம் காய்ந்தால் வளையம் நூலாகிக் குறையக் காட்டும். வளையங்கள் நாடியோடு சேர்ந்து துடிக்கும், அந்தத் துடிப்பின் நடுவை எடுக்க வேண்டும். சிலிண்டர் பவர் 3க்கு மேல் இருந்தால் பிரிஸத்தின் சிவப்புக் கோட்டை மைனஸ் அச்சுக்குத் திருப்ப வேண்டும்.

அழுத்தத்தைப் பொய்யாக ஏற்றுபவை மூச்சைப் பிடிப்பது, கண்ணை இறுக்குவது, சட்டையின் கழுத்துப் பட்டன், இமையைத் தூக்கும் நம் விரல். விரல் கண் எலும்பின் மேல்தான் இருக்க வேண்டும், விழியின் மேல் படவே கூடாது. பார்க்கிறவரே டிரம்மையும் (அளவு எண்கள் உள்ள சுழல் சக்கரம்) வாசித்தால் 21க்குப் பக்கத்தில் மனம் அவரை அறியாமலே ஒரு பக்கம் இழுக்கும். ஆகவே பார்ப்பவர் ஒருவர், டிரம்மை வாசித்து எழுதுபவர் இன்னொருவர், ஒவ்வொரு முறைக்கும் டிரம்மை 10க்குத் திருப்பி வைக்க வேண்டும். மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுங்கள். பிரிஸத்தை 3 வீத ஹைட்ரஜன் பெரொக்ஸைட்டில் 5 நிமிடம் வைத்தால் மறக்காமல் கழுவித் துடைக்க வேண்டும். மிச்சம் இருந்தால் படலம் வெந்துபோகும். அடுத்த அளவும் கெட்டுப்போகும், ஆளும் வலியோடு வீட்டுக்குப் போவார்.

தோட்டத்துக்கே உரிய ஒரு பிழை உண்டு. கண் அழுத்தம் நாளுக்குள் ஏறி இறங்கும், பலருக்குக் காலையில் கூட. காலையில் முகாமுக்கு வருபவர்கள் யார்? வேலையிலிருந்து ஓய்ந்த வயதானவர்கள், வீட்டில் இருப்பவர்கள். கொழுந்து எடுக்கும் அக்காமார் பின்னேரம் நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வருவார்கள். இப்படி அளந்தால் ‘கொழுந்து எடுப்பவர்களுக்கு அழுத்தம் குறைவு’ என்று ஒரு கண்டுபிடிப்பே வெளிவந்துவிடும், அது வெறும் மணிக்கூட்டு வித்தியாசம். தொழிலையும் வயதையும் பார்க்காமல் நேரத்தைக் குலுக்கிப் போட வேண்டும். அதற்குத் தோட்ட நிர்வாகத்தோடு முன்கூட்டியே பேசி, காலையில் வருபவருக்கு அன்றைய பேர் (அன்றைய வேலைக்கான சம்பளக் கணக்கு) குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேர் போகும் என்றால் யாரும் வரமாட்டார்கள், வரச் சொல்வதும் நியாயமில்லை. என்ன செய்தாலும் அளந்த மணியைப் படிவத்தில் எழுதுங்கள்.

வயதைக் கேட்டால் ‘அம்பது இருக்கும்’ என்பார்கள். அடையாள அட்டையைப் பாருங்கள். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். கப் அளவும் புலத்தின் கூர்மையும் வயதோடு மாறுவதால், ஐந்து வயதுப் பிழைகூட அட்டவணையைக் கலக்கும்.

ஃபீல்ட் டெஸ்ட்டில் கருவியை விட விளக்கம் முக்கியம். அறை இருட்டாக இருக்க வேண்டும். பிள்ளைக் காம்பராவோ (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) வாசிகசாலையோ கிடைத்தால் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள், யூ.பி.எஸ். இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். 30 செ.மீ. தூரத்துக்கு ஏற்ற கண்ணாடிப் பவர் போட வேண்டும். வெள்ளெழுத்து உள்ளவருக்கு அதைப் போடாவிட்டால் எல்லாப் பொட்டும் மங்கிப்போகும். லென்ஸ் கண்ணுக்குத் தூரமாக நின்றால் ஓரத்தில் வளையமாக ஒரு போலிக் குறை விழும். சொல்ல வேண்டியதை நம் பேச்சிலேயே சொல்லுங்கள்:

“அக்கா, நடுவுல இருக்கிற மஞ்ச வெளிச்சத்தையே பாத்துக்கிட்டு இருங்க. ஓரத்துல எங்கயாச்சும் பொட்டு மினுக்குனா பட்டனை ஒருக்கா அமத்துங்க. தேடிப் பாக்காதீங்க. பாதிப் பொட்டு தெரியாது, அது அப்படித்தான், பயப்படாதீங்க.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தெரியாத பொட்டைத் தன் பிழை என்று நினைப்பவர்கள் சும்மா சும்மா அமத்துவார்கள், அந்த ரிசல்ட் குப்பைக்குத்தான். முதல் தடவை கெட்டு வந்தால் வேறொரு நாள் திரும்ப எடுங்கள், இரண்டாம் முறையில் பலர் சுத்தமாகச் செய்வார்கள். ஹம்ஃப்ரி கருவியின் 24-2 என்ற ஃபீல்ட் டெஸ்ட்டில் குறை என்று சொல்ல, மேல் புலத்தையும் கீழ்ப் புலத்தையும் ஒப்பிடும் அரைப்புலச் சோதனை ‘இயல்புக்கு வெளியே’ என்று வர வேண்டும். கூடவே, பொதுவான மங்கலைக் கழித்துக் காட்டும் பெட்டர்ன் டீவியேஷன் படத்தில் 5 வீத மட்டத்தில் ஒட்டியிருக்கும் மூன்று புள்ளிகள் வேண்டும். அதற்குப் பிறகு டிஸ்க்கில் அதே பக்கம் ஓரம் மெலிந்திருக்கிறதா என்று பொருத்திப் பாருங்கள். மேல் புலம் போனால் கீழ் ஓரத்தில் தேட வேண்டும்.

புரை இங்கே ஒரு மறைமுகக் கேட்டைச் செய்கிறது. புரை உள்ளவருக்குப் புலம் முழுக்க மங்கும், அவர் சுத்தமான குழுவுக்குள் வரமாட்டார். புரை ஒப்பரேஷன் தள்ளிப்போகும் தோட்டங்களில் 60க்கு மேற்பட்டவர்கள் இப்படி உதிர்ந்து, ‘சாதாரணர்’ குழு இளைத்துவிடும். எந்த வயதில் எத்தனை பேர் உதிர்ந்தார்கள் என்று எழுதாத அட்டவணையை நம்ப முடியாது.

டிஸ்க்குக்கு வருவோம். 78 டயொப்டர் லென்ஸைப் பிடித்து, ஸ்லிட்டின் உயரத்தை டிஸ்க்கின் மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரம் வரை சுருக்கி, அளவுகோலை வாசியுங்கள். வெளி எல்லை, வெள்ளை வளையத்தின் உட்புறம்; சுற்றியுள்ள வெளிறிய பிறைகளைச் சேர்க்கக் கூடாது. கப்பின் எல்லையை வெளிறிய நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், சிறு இரத்தக் குழாய் மடங்கும் இடம்தான் எல்லை. டிஸ்க்கின் உண்மை மி.மீ. வேண்டுமானால் 78க்கு 1.1ஆலும் 90க்கு 1.3ஆலும் பெருக்க வேண்டும். விகிதத்துக்கு அது தேவையில்லை, மேலும் கீழும் வெட்டுப்பட்டுப் போகும். ஆனாலும் டிஸ்க் அளவை எழுதாமல் விடாதீர்கள். 2 மி.மீ. டிஸ்க்கில் 0.7 நல்ல கண்ணாக இருக்கலாம். 1.4 மி.மீ. டிஸ்க்கில் 0.55ஏ நோயாக இருக்கலாம். ஒரே கோடு போட்டால் பெரிய டிஸ்க்காரரை வீணாகச் சந்தேகிப்போம், சின்ன டிஸ்க்காரரைக் கைவிடுவோம்.

0.1 படிகளில் எழுதினால் சதமானம் எடுப்பதே சிரமம். 0.7 என்ற ஒரே படியில் நூற்றுக்கு நான்கைந்து கண்கள் குவிந்துவிட்டால், ‘0.7ம் அதற்கு மேலும்’ என்பது 2.5 வீதமாக இருக்காது, 6 வீதமாகக்கூட இருக்கலாம். 0.05 படிகளில் எழுதுங்கள். வாரா வாரம் அந்த வாரத்து அளவுகளைத் தூண்படமாக வரையுங்கள். 0.5இல் மட்டும் உயரமான தூணும் 0.45இலும் 0.55இலும் பள்ளமும் தெரிந்தால், பார்ப்பவர் அளக்கவில்லை, மதிப்பிடுகிறார். தொடங்கும் முன்பும் பாதி வழியிலும் ஐம்பது டிஸ்க் படங்களை இருவர் தனித்தனியாக அளந்து ஒப்பிடுங்கள். ஒருவருடைய கை 0.1 மேலே போனால், கோடு மக்களுடையது அல்ல, அவருடையது.

கோணம் குறுகியவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முக்கால் வட்டத்தில் வடிகட்டி வலை (கோணத்தில் திரவம் வடியும் இடம்) தெரியவில்லை என்றால் கண்மணியை விரிக்கப் பயந்து பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்போது அவருடைய டிஸ்க் அளவு கிடையாது, அடைகோண நோய் இருந்தாலும் கணக்கில் வராது. அவர்களைக் காலையிலேயே வரவழைத்து, சொட்டு விட்டு, டிஸ்க்கைப் பார்த்து, பின்னேரம் மறுபடி அழுத்தத்தை அளந்த பிறகு அனுப்புங்கள். கண் சிவந்து, வலித்து, வாந்தி வந்தால் விடியும் வரை காத்திருக்காமல் வர வேண்டும் என்று அவரிடமும் வீட்டிலுள்ள இன்னொருவரிடமும் சொல்லி, இரவில் லயத்திலிருந்து வாகனம் எப்படிக் கிடைக்கும் என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள்.

அறிக்கையில் கட்டாயம் வேண்டியவை: சுத்தமான குழுவில் எத்தனை பேர், எந்த வயது, எந்தக் காரணத்தால் எத்தனை பேர் விலக்கப்பட்டார்கள், 97.5, 99.5 இரண்டும் அவற்றின் வீச்சோடு, கோட்டைத் தொட்டால் நோயா தாண்டினால் நோயா என்ற விவரம், மூன்று படிகளிலும் தனித்தனியாக எத்தனை பேர். முதல் படியில் வந்தவர்களையும் இரண்டாம் படியில் வந்தவர்களையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுத்தால், அடுத்த தோட்டத்தில் கணக்கெடுக்கப் போகிறவர் எதையும் ஒப்பிட முடியாது.